மயக்க மருந்து மனச்சோர்வைப் போக்குமா?

அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியை மயக்கமுறச் செய்யும் மருந்துகளில் ஒன்று கெட்டமின். 1962இல் அமெரிக்க வேதியியலாளர் கால்வின் ஸ்டீவன்ஸ் இதை உருவாக்கினார். வியட்னாம் போரில் காயமடைந்த வீரர்களுக்கும் இது கொடுக்கப்பட்டது. இதே மருந்து இன்று மனநலச் சிகிச்சையிலும் பயன்படுகிறது. எப்படி?

கடுமையான மனச்சோர்வுக்குத் தரப்படும் வழக்கமான மாத்திரைகள் பலன் தரப் பல வாரங்கள் ஆகும். சிலருக்கு மாத்திரையை மாற்றிப் பார்த்தாலும் குணம் தெரிவதில்லை. உயிர்மேல் பற்று விட்டுப்போனவருக்கு அந்தக் காத்திருப்பே ஆபத்தானது. 2006இல் அமெரிக்கத் தேசிய மனநலக் கழகம் இத்தகைய 18 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தியது. கெட்டமின் பெற்றவர்களில் 10க்கு 7 பேர் மறுநாளே நல்ல முன்னேற்றம் கண்டனர். ஆனால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் அது ஒரு வாரமாவது நீடித்தது.

சிகிச்சை அறையில் என்ன நடக்கும்? நோயாளி சாய்வு நாற்காலியில் அமர்கிறார். மயக்கமுறச் செய்யத் தேவைப்படுவதைவிடக் குறைந்த அளவு மருந்து, சுமார் 40 நிமிடங்களில் நரம்பு வழியாக ஏற்றப்படுகிறது. கண்ணை மூடி, மெல்லிய இசை கேட்பதும் உண்டு. உடல் மிதப்பதுபோலவும், தம்மைத் தாமே தள்ளி நின்று பார்ப்பதுபோலவும் தோன்றலாம். சிலருக்கு அச்சமோ குமட்டலோ ஏற்படும். இரத்த அழுத்தமும் உயரலாம். அதனால்தான் மருத்துவப் பணியாளர்கள் அருகிலிருந்து கண்காணிக்கிறார்கள். அன்று அவர் வாகனம் ஓட்டக்கூடாது.

மூளையில் நரம்பணுக்கள் செய்தி பரிமாற உதவும் பொருள்களில் ஒன்று குளூட்டமேட். அதைப் பெற்றுக்கொள்ளும் என்எம்டிஏ ஏற்பிகளைக் கெட்டமின் தற்காலிகமாக அடைக்கிறது. நீண்டகால மன அழுத்தத்தால் குறைந்துபோன நரம்பணு இணைப்புகள் இதன்பின் மீண்டும் வளர்வதை எலிகளிடம் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போதுதானே விதைக்கிறோம்? மனம் சற்று லேசாகும் அந்தச் சில நாள்களில் உளவியல் சிகிச்சையாளர் நோயாளியுடன் பேசுகிறார். முன்பு பேச முடியாத துயரத்தைப் பேசவும், பழைய எண்ணப் போக்கை மாற்றவும் உதவுகிறார். பேச்சும் மருந்தும் சேரும்போது பலன் கூடுதலாக நீடிக்குமா என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

மாணவர்களே, ஒன்றை மறவாதீர்கள். மருத்துவர் கையில் மருந்தாக இருக்கும் கெட்டமின், தெருவில் விற்கப்படும்போது போதைப்பொருள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதை வைத்திருப்பதே குற்றம். தொடர்ந்து தவறாகப் பயன்படுத்தினால் சிறுநீர்ப்பை சுருங்கி, அடக்க முடியாத வலியுடன் அடிக்கடி கழிவறைக்கு ஓட நேரிடும். பாதிப்பு நிரந்தரமாகவும் மாறலாம்.

மனச்சோர்வு பலவீனம் அன்று. சிகிச்சை உள்ள நோய். உங்களுக்கோ நண்பருக்கோ வாரக்கணக்கில் மனம் கனத்திருந்தால், பள்ளி ஆலோசகரிடமோ நம்பிக்கைக்குரிய பெரியவரிடமோ இன்றே சொல்லுங்கள்.