எதிர்காற்றில் ஏறும் பாய்

புதுவையிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே செல்வோர், சுண்ணாம்பாற்றைக் கடந்து தவளக்குப்பத்தை நெருங்கும் வேளை கோடைகால நண்பகலாக இருந்தால், காலை முழுதும் அசைவற்று நின்ற தென்னங்கீற்றுகள் ஒருமிக்க மேற்கே சாயத் தொடங்குவதைக் காண்பர். வெயிலில் கடலைவிட விரைவாக நிலம் சூடேற, அதன்மேல் நின்ற காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த கடற்காற்று உள்ளே வருகிறது. இரவில் நிலம் குளிர்ந்ததும் கரைக்காற்று கடலை நோக்கித் திரும்புகிறது. இயந்திரப் படகுகள் வருமுன் இக்கரை மீனவர்கள், விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துச் சென்று, பிற்பகலில் கடற்காற்றில் கரை சேர்ந்தது இந்த நியதியை நம்பித்தான்.

பாய்ப்படகு பயில வரும் மாணாக்கர், காற்றானது பாயைத் தள்ளுகிறது, ஆகையால் காற்று போகும் திசையிலேயே படகும் போகும் என்ற அபிப்பிராயத்தோடுதான் பெரும்பாலும் வருவர். காற்று பின்னிருந்து வீசும்போது அது உண்மையே. ஆனால் காற்று முன்புறத்திலிருந்து சாய்வாக வரும்போது, இழுத்துக் கட்டப்பட்ட பாய் ஒரு பறவையின் இறக்கையைப்போல் வளைந்து நிற்க, அதன் புடைத்த புறத்தில் காற்று விரைந்தோடி அழுத்தம் குறைய, பாயானது அப்பக்கமாக இழுக்கப்படுகிறது. இவ்விசையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் ஒதுக்கவே பார்க்கும், சிறுபகுதியே முன்னோக்கியது. அவ்வாறு ஒதுங்காமல் தடுப்பது, படகின் நடுவே நீருக்குள் இறக்கப்படும் ஒரு பலகை. கடல்நீர் காற்றைவிட 800 மடங்குக்கும் மேல் அடர்த்தியானதாகையால், அவ்வளவு பெரிய பாயின் இழுப்பை எதிர்க்க இவ்வளவு சிறிய பலகை போதுமானதாகிறது. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால், அழுத்திய திசையில் போகாமல் குறுக்கே தெறித்தோடுகிறதல்லவா? காற்றுக்கும் நீருக்கும் இடையே அகப்பட்ட படகும் அவ்விதமே முன்னேறுகிறது.

எனினும் காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் சாதாரணப் பாய் பயன்படாது. படபடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிடும். ஆகவே எதிரே உள்ள இலக்கை அடைய விரும்புபவர் சிறிது தூரம் வலமாகவும், பின் முகப்பைத் திருப்பிச் சிறிது தூரம் இடமாகவும் மாறிமாறிச் செல்ல வேண்டும். கட்டுமரத்தில் பாய் விரித்த நம் மீனவர்களும் பக்கவாட்டில் ஒரு பலகையை நீரில் இறக்கிக்கொண்டனர். எந்தப் பௌதிக நூலையும் படியாமலே அவர்கள் இந்தச் சூட்சுமத்தை அறிந்திருந்தது எனக்குத் தீராத ஆச்சரியம். அந்த ஞானம் இயந்திரத்தின் இரைச்சலில் மறைந்துபோக, இன்று பாயோட்டுதல் செல்வர்களின் விளையாட்டு என்று கருதப்படுவது வருந்தத்தக்கது. இக்கரைக் குப்பங்களின் பிள்ளைகளே இதைப் பயில முதல் உரிமை உடையவர்கள்.

இக்கரையின் கடலோட்டம் மிகப் பழமையானது. தவளக்குப்பத்துக்குச் சற்று வடக்கே, 1945-இல் தொல்லியலறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு இருக்கிறது. பெரிப்ளுஸ் என்னும் பழைய கிரேக்க நூல் பொதுகே என்று குறிக்கும் துறைமுகம் அதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு.

பாய் விரித்துக் கடலோடும் அந்த மரபு முற்றும் அற்றுவிடவில்லை. புதுவையைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும், கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும், 17 மீட்டர் நீளமுள்ள தாரிணி என்ற கடற்படைப் பாய்க்கலத்தில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, ஏறத்தாழ 25,400 கடல் மைல்களைக் காற்றின் துணையாலேயே கடந்து, 2025 மே மாத இறுதியில் திரும்பினர்.

தாரிணி போன்ற கலங்களின் அடியில் தொங்கும் பெரும்பாரம், அலை சாய்த்தாலும் அவற்றை மீண்டும் நிமிர்த்திவிடும். பயிற்சிக்குரிய சிறு படகுக்கு அவ்வசதி இல்லை. 1947-இல் அமெரிக்கரான கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்காக வடிவமைத்த 2.3 மீட்டர் நீளமுள்ள ஆப்டிமிஸ்ட் படகும் கவிழக்கூடியதே. ஆகையால் படகை வேண்டுமென்றே கவிழ்ப்பதும் ஒரு பாடமாகிறது. கவிழ்ந்ததும் படகை விட்டு நீந்திப் போகாமல், முதலில் முகப்பைக் காற்றுக்கு நேரே திருப்பி, பாய்க்கயிற்றைத் தளர்த்தி, நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின்மீது ஏறி நின்று பின்னுக்குச் சாய வேண்டும். பாய் நீரைச் சொட்டிக்கொண்டு மெல்ல எழும். முகப்பைத் திருப்ப மறந்த மாணாக்கருக்கோ, எழுந்த பாயில் உடனே காற்றுப் பிடித்துப் படகு மறுபுறம் கவிழ்ந்துவிடும். அவர் மறுபடியும் நீந்திச் சென்று அந்தப் பலகையைத் தேட வேண்டும்.