இணையத்தில் வைத்த படம் நிலைக்குமா?

பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பழைய லயன் வீடுகள், கோயில் திருவிழா ஆகியவற்றின் படங்களைப் பாட்டாளிக் குடும்பத்தினர் பலர் கைப்பேசி வழியாக இணையத்தில் சேர்த்து வைத்திருக்கின்றனர். அவை என்றும் அங்கேயே இருக்குமென நாம் எண்ணிவிடலாகாது.

இணையத்தில் ஏற்றிய படம் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில்தான் இருக்கின்றது. தோட்டம் கைமாறினால் லயன் வீடு என்னவாகும் என்பதைத் தோட்ட மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இதுவும் அத்தகையதே.

2002-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘பிரண்ட்ஸ்டர்’ என்னும் நட்புத் தளம் நம் இளைஞர்களிடையே பெரிதும் பரவியிருந்தது. 2009-இல் மலேசிய நிறுவனமொன்று அதனை வாங்கிற்று. பின்னர் அது விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டபோது, 2011 மே 31-ஐக் கெடுவாக வைத்து, பயனர்களின் படங்களும் மடல்களும் நீக்கப்பட்டன. முன்னறிவிப்பு இருந்தது, படங்களை எடுத்துக்கொள்ள வழியும் இருந்தது. அறிவிப்பைக் காணாதவர்கள் இழந்தனர். 2015-இல் தளமே நின்றுபோயிற்று.

ஈராண்டுகள் திறக்கப்படாத தனியார் கணக்குகளை நீக்கக்கூடுமென 2023-இல் கூகுள் அறிவித்தது. தாத்தா காலமான பின் அவர் கணக்கைத் திறப்பவர் யார்?

‘பென்டிரைவ்’ ஒன்றை மட்டும் நம்புவதும் போதாது, அதுவும் பழுதாகும். முக்கியமான படங்களை இரண்டு இடங்களில் பிரதியெடுத்து வையுங்கள். சிலவற்றை ஈப்போவிலோ அருகிலுள்ள பட்டணத்திலோ தாளில் அச்சிட்டு, தோட்டத்தின் பெயர், ஆண்டு, படத்திலிருப்போர் பெயர் ஆகியவற்றைப் பின்புறம் எழுதுங்கள். பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே இதனைச் செய்துவிடுங்கள்.