ஸ்பிரிங் செய்யும் ஊரில் ஸ்போர்ட்ஸ் கார்

ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் கர்நாடகத்தின் கே.ஏ. எண் பலகையோடு ஒரு போலோ ஜி.டி.யோ ஆக்டேவியாவோ வீட்டு வாசலில் நின்றால் இப்போது யாரும் வியந்து பார்ப்பதில்லை. அவற்றை வாங்குகிறவர்கள் பெரிய முதலாளிகளும் அல்ல. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்க்கும் இன்ஜினியர், பாலிஹவுஸில் ரோஜா வளர்க்கும் வீட்டுப் பையன், பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வரும் மென்பொருள் ஊழியர் என்று உழைத்துச் சேர்க்கிறவர்கள்தான். புதிதாக வாங்க எட்டாத வண்டியை, ஏழெட்டு வருடம் ஓடிய பிறகு பெங்களூரில் பேசி முடித்து ஓட்டி வருகிறார்கள். வந்த சில வாரங்களில் மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, சஸ்பென்ஷனை மாத்திடலாமா?"

இந்தக் கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், இந்த வட்டாரத்தின் சாலைகளும் வண்டிகளும் நாற்பது ஆண்டுகளில் எப்படி மாறின என்று பார்த்தாக வேண்டும்.

அன்று: உயர்த்திக் கட்டினார்கள்

ஓசூருக்கு சிப்காட் வந்தது 1970களில். 1980இல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. 1984இல் இண்ட்-சுசுகி 100 சி.சி. பைக் வந்தபோது, அந்தத் தலைமுறை இளைஞர்களுக்கு வேகத்தின் உச்சம் அதுதான். காலையில் மாட்டைக் கட்டிவிட்டு ஷிஃப்டுக்கு ஓடிய கிராமத்துப் பிள்ளைகள், தாங்கள் பூட்டிய வண்டியைத் தாங்களே வாங்கப் பல வருடம் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. கார் என்பது டாக்டருக்கும் கான்ட்ராக்டருக்கும் கிரானைட் குவாரிக்காரருக்கும் உரியது. அதுவும் அம்பாசடர், இல்லாவிட்டால் பத்மினி.

ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்றைக் கண்ணால் பார்க்கச் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள சோழவரத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் அங்கே பந்தயங்கள் நடந்தன. அங்கே ஓடிய கார்களில் பலவும் தெருவில் ஓடும் சாதாரணக் கார்களைப் பட்டறையில் பிரித்து மேய்ந்து உருவாக்கியவை. 1982இல் பெங்களூரில் சிபானி நிறுவனம் கொண்டுவந்த டால்ஃபின், ஃபைபர் உடலும் 848 சி.சி. இன்ஜினும் கொண்ட சின்னஞ்சிறு கார். எடை குறைவு என்ற ஒரே பலத்தை வைத்துக்கொண்டு பந்தயக்காரர்களின் மனதில் இடம்பிடித்தது.

அந்தக் காலத்தை முழுமையாகக் காட்டும் கார் ஒன்று சென்னையிலேயே பிறந்தது. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வான ரோவர் எஸ்.டி.1ஐ, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் இங்கே தயாரித்தது. தாழ்ந்து நீண்ட மூக்கும் சரிந்த பின்புறமுமாகப் பார்த்தவர்களை நிற்க வைக்கும் உடல் அதற்கு. உள்ளே வைத்ததோ பழைய வான்கார்டு வம்சத்து 2 லிட்டர் இன்ஜின். நம் சாலைக்காகத் தரை இடைவெளியைக் கூட்ட வேண்டும் என்று சஸ்பென்ஷனையும் உயர்த்தினார்கள். ஸ்போர்ட்ஸ் காரின் உருவம் வந்தது, ஓட்டம் வரவில்லை. 1988இல் உற்பத்தியும் நின்றுபோனது.

அந்த உயரத்தை ஏற்றிய பொறியாளர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓசூர் வழியே இரண்டு வழிச் சாலையாகத்தான் போனது. அதை விட்டு இறங்கினால் மாட்டு வண்டித் தடம். இந்தப் பக்கத்தில் சஸ்பென்ஷன் வேலை என்று யாராவது பட்டறைக்குப் போனால், பின்பக்க ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்க்கச் சொல்வதாகத்தான் இருக்கும். அம்பாசடரில் குடும்பமும் தக்காளிக் கூடையும் ஒன்றாக ஏற வேண்டும், அடி தட்டக் கூடாது. அதற்கு மேல் யாரும் ஆசைப்படவில்லை.

பழைய வண்டி வாங்குவதும் அப்போது ஆளை நம்பிச் செய்த காரியம். புரோக்கர் சொன்னதுதான் வண்டியின் வரலாறு. மீட்டர் எத்தனை முறை திருப்பப்பட்டது என்று ஆர்.சி. புக்கில் எழுதியிருக்காது. ஆனால் கூட்டிப்போன மெக்கானிக்கின் கைக்கு ஒரு கணக்கு இருந்தது. காரின் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுவார். அழுத்திய மூலை எழுந்து அமர்ந்துவிட்டால் சரி, மேலும் கீழும் ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. குனிந்து அதன் உடம்பில் எண்ணெய்க் கசிவு பார்ப்பார். கரடுமுரடான தடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு மெல்ல ஓட்டி, 'கடக், கடக்' சத்தம் எந்தச் சக்கரத்தில் வருகிறது என்று கேட்பார். இன்றைக்கும் செல்லும் அறிவு அது.

இன்று: தாழ்த்தப் பார்க்கிறார்கள்

நெடுஞ்சாலைக்கு இப்போது 44 என்று எண். தங்க நாற்கரத் திட்டத்தில் அகன்று, ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் ஒரே ஓட்டமாக இணைக்கிறது. 2010இல் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை திறந்தபின் பெங்களூரு இன்னும் நெருங்கிவிட்டது. கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமானது. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. அதைவிட எனக்குப் பெருமையாகத் தோன்றுவது வேறு. காப்ரியல் நிறுவனத்தின் ஷாக் அப்சார்பர் ஆலையும், பட்டை ஸ்பிரிங் செய்யும் ஜம்னா ஆட்டோவின் ஆலையும் ஓசூரில் இருக்கின்றன. டி.வி.எஸ்.சும் பி.எம்.டபிள்யூ.வும் 2013இல் கைகோத்த பிறகு, ஜி 310 ஆர் பைக் ஓசூரில் உருவாகி உலகம் முழுக்கப் போனது. ஸ்பிரிங் கெட்டித்தன்மையையும் அதன் ஆட்டத்தை அடக்கும் டாம்பிங்கையும் தினமும் அளக்கும் கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் தன் காரின் சஸ்பென்ஷனைப் பற்றி யோசிப்பது இயல்புதான்.

வாங்கும் வழியும் தெளிவாகிவிட்டது. வண்டி எண்ணைத் தட்டினால் பதிவு நாள், கடன் அடகு, காப்பீட்டுக் காலம் எல்லாம் அரசின் வாகன் தளத்திலேயே தெரியும். டயரின் பக்கத்தில் அச்சான நான்கு இலக்கம், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லிவிடும். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்கும் டீலர்கள் பதிவு பெற வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது.

ஆனாலும் மாநில எல்லை எல்லைதான். கர்நாடகப் பதிவு வண்டியை இங்கேயே வைத்துப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். அங்கே படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்டி டி.என். 70 எண் பெற வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு அலைய வேண்டும். விலை மலிவு என்று எல்லை தாண்டிப் போகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

வண்டி கைக்கு வந்ததும் மனம் முதலில் போவது உயரத்தின் மீது. அன்று கூட்டினார்கள், இன்று குறைக்க நினைக்கிறார்கள். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தெரியும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது. 30, 40 மில்லிமீட்டர் இறக்கும் குட்டை ஸ்பிரிங்கோ, உயரத்தைத் திருகி மாற்றும் கோய்ல்ஓவரோ போட்டால் கார் பந்தயக் கார்போல் தோன்றும். எடையின் மையம் தாழ்வதால் வளைவில் சாய்வும் குறையும். இதெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை.

ஆனால் ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது, ஷாக் அப்சார்பர் அதன் ஆட்டத்தை அடக்குகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கம்பெனி ஷாக்கை விட்டுவிட்டுக் குட்டை ஸ்பிரிங்கை மட்டும் மாட்டினால், ஷாக்கின் தண்டு ஓட வேண்டிய தூரம் குறைகிறது. பெரிய பள்ளத்தில் ரப்பர் தடையில் போய் இடிக்கிறது. சக்கரத்தின் சாய்கோணம் மாறி டயரின் உள்விளிம்பு தேய்கிறது. ஸ்பிரிங் மிகவும் கெட்டியானால் கரடான சாலையில் சக்கரம் தரையைப் பற்றாமல் தாவுகிறது. பந்தயத் தடத்தில் பிடிமானம் தரும் அதே கெட்டித்தன்மை, கிராமச் சாலையில் பிடிமானத்தைப் பறிக்கிறது. சஸ்பென்ஷனின் வேலை டயரைத் தரையிலேயே வைத்திருப்பது. அழகும் உயரமும் அதற்கு அப்புறம்தான்.

நம் தரை எப்படிப்பட்டது? இந்திய சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக வளைந்து எழ வேண்டும். ஊருக்குள் ஆளாளுக்குப் போட்டிருக்கும் தடைகள் குறுகி, செங்குத்தாக நிற்கின்றன. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறியபின், 40 மில்லிமீட்டர் தாழ்த்திய கார் அவற்றைத் தாண்டும்போது அடி உரசாமல் போகாது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து மழைக்காலத்தில் வெளியேறும் நீரில் ரசாயன நுரை பொங்கித் தரைப்பாலத்தை மூடிவிடுவதும் உண்டு. அந்த வழியில் தாழ்ந்த காரைக் கொண்டுபோகவே கூடாது. நெடுஞ்சாலை மாறிய அளவுக்கு அதிலிருந்து வீட்டுக்கு வரும் கடைசி நாலு கிலோமீட்டர் மாறவில்லை. கார் வாழப்போவது அந்த நாலு கிலோமீட்டரில்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. செய்யும் மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது அதுவே தகராறாகும்.

முதலில் எதற்குச் செலவழிப்பது?

ஏழெட்டு வருடம் ஓடிய காரில் நமக்குக் கிடைப்பது களைத்துப்போன சஸ்பென்ஷன். அந்தக் காரைச் செய்தவர்கள் கொடுத்த ஓட்டம் எப்படி இருந்தது என்றே வாங்கியவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை எப்படி உயர்த்துவது? ஆகவே முதல் மேம்பாடு, வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் நான்கு டயரும் நல்லதாக, ஒரே வகையாக இருக்கட்டும். காருக்கும் சாலைக்கும் உள்ள ஒரே தொடர்பு அதுதான். அடுத்து லிஃப்டில் ஏற்றி, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மேல் மவுன்ட் எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்ற வேண்டும். ரப்பர் புஷ் விலை குறைவு; அது தளர்ந்துவிட்டால் எத்தனை விலை உயர்ந்த ஷாக்கும் பயன்படாது. பிறகு ஷாக் அப்சார்பர்: ஒரே அச்சில் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கடைசியாக அலைன்மென்ட். பிரேக் டிஸ்க்கும் திரவமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே தொப்பூர் மலைச்சாலை இறக்கத்தில் வண்டியை விட வேண்டும். வேகத்தை விரும்புகிறவர் நிறுத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து ஆறு மாதமாவது ஓட்டிய பிறகு, வளைவில் சாய்வு அதிகம் என்று உண்மையிலேயே பட்டால், அப்போது யோசிக்கலாம். அந்த மாடலுக்கென்றே செய்த, ஸ்பிரிங்கும் ஷாக்கும் பொருந்திய ஜோடியாக, மிதமான உயரத்தில் எடுக்கலாம். நல்ல கம்பெனி கோய்ல்ஓவர் செட் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். பெங்களூரின் ஜே.சி. ரோட்டிலோ சென்னையின் புதுப்பேட்டையிலோ கழற்றி விற்கும் பழைய ஷாக்கை மலிவு என்று வாங்காதீர்கள். வெளியே பளபளத்தாலும் உள்ளே எண்ணெயும் சீலும் எவ்வளவு உழைத்திருக்கும் என்று கண்ணுக்குத் தெரியாது. கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கைப் பத்திரமாக வீட்டிலேயே வைத்திருங்கள். விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பார்.

சட்டத்தோடும் சாலையோடும் ஒத்துப்போகாத ஆசைக்கு ஒரு நேர்வழியும் இருக்கிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் மோட்டார் பந்தயத் தடம் இருக்கிறது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவர்தனின் பெயரைத் தாங்கிய இடம் அது. காரின் எல்லையையும் தன் எல்லையையும் அறிய விரும்புகிறவர் அனுமதி பெற்று அங்கே ஓட்டட்டும். பள்ளிப் பிள்ளைகளும் பால்காரரும் நடந்துபோகும் அணைச் சாலை அதற்கான இடமல்ல.

மொபெட்டுக்குப் பணம் சேர்த்த தொழிலாளியின் பிள்ளை இன்று ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதில் எனக்கு முழு மகிழ்ச்சி. இந்த மண் உழைத்துப் பெற்றது அது. வாங்குங்கள். ஆனால் முன்பணம் கொடுக்கும் முன், வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கையோடு கூட்டிப்போய் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால், அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.