நியாயாசனத்துக்கு வோட்டுப் பெட்டியா?

சட்டம் செய்வோரை ஜனங்கள் தெரிந்தெடுப்பதில் ஆக்ஷேபம் ஏதுமில்லை. அச்சட்டப்படி தீர்ப்புக் கூறுவோரையும் அவர்களே தெரிந்தெடுக்கலாமா?

அமெரிக்காவில் பல ராஜ்யங்கள் எடுக்கலாமென்றே துணிந்தன. மிஸ்ஸிஸிப்பி ராஜ்யம் 1832-ம் வருஷத்திலேயே தன் நியாயாதிபதிகள் அனைவரையும் தேர்தலுக்கு உட்படுத்திற்று. கவர்னர் தயவால் பதவி பெற்றவர் அவர் முகம் பார்த்தே தீர்ப்பளிப்பார் என்ற பயமே அதற்குக் காரணம். அந்தப் பயம் ஆதாரமற்றதென்று நாம் கூறோம்.

ஆனால் எஜமானரை மாற்றியதால் விளைந்ததென்ன? மேற்கு வர்ஜீனியாவில் ஹ்யூ காபர்டன் என்ற சுரங்க முதலாளி, தம் தொழிலைக் கெடுத்ததாக மாஸ்ஸி நிலக்கரிக் கம்பெனிமீது வழக்குத் தொடுத்தார். 2002-ல் ஜூரிமார் அவர் பக்கம் சுமார் 5 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தனர். அப்பீலை விசாரிக்கவேண்டிய உச்ச நியாயஸ்தலத்தில் ஐவர். ஐவரும் 12 வருஷப் பதவிக்குத் தேர்தலில் வருபவர்கள். 2004-ம் வருஷத் தேர்தலில் கம்பெனித் தலைவர் டான் பிளாங்கன்ஷிப், பிரென்ட் பெஞ்சமின் என்ற அபேக்ஷகருக்கு அநுகூலமாகச் சுமார் 30 லக்ஷம் டாலர் செலவிட்டார். பெஞ்சமின் ஜயித்தார். அப்பீல் வந்தபோது விலகும்படி கேட்டும் விலகவில்லை. 2007-ல், 3-க்கு 2 என்ற கணக்கில், கம்பெனி ஜயித்தது.

பெஞ்சமின் விலகியிருக்க வேண்டுமென்று 2009-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, 5-க்கு 4 என்ற மெஜாரிட்டியில், தீர்ப்பளித்தது. அவர் லஞ்சம் வாங்கியதாக அது கூறவில்லை. பக்ஷபாதம் நேரக்கூடிய அபாயமே போதுமென்றது. மறு விசாரணையில் அவரில்லாமலும் கம்பெனியே ஜயித்தது! எனில், முதல் தீர்ப்பும் சட்டப்படி சரியாகவே இருந்திருக்கலாம். ஆயினும் தோற்றவன் அதை எவ்வாறு நம்புவான்? நஷ்டம் அங்கேதான்.

மிஸௌரி ராஜ்யம் 1940-ல் வேறு வழி கண்டது. ஒரு கமிஷன் தகுதியுள்ளோரைப் பொறுக்கும். அவர்களில் ஒருவரைக் கவர்னர் நியமிப்பார். அவர் நீடிக்கலாமா என்பதை மட்டும் ஜனங்கள் பின்னர் தீர்மானிப்பர். இம்முறையும் பூரண ரக்ஷணை தரவில்லை. இதையொத்த முறையுள்ள அயோவாவில், ஒருபால் விவாகத்தை அங்கீகரித்த 2009-ம் வருஷத் தீர்ப்புக்காக, மறு வருஷமே மூன்று நியாயாதிபதிகள் வோட்டால் வீழ்ந்தனர். எனினும் பணமூட்டைகளின் போட்டியை விட இது மேல். 2025-ல் விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் ஒரே ஒரு ஸ்தானத்துக்குச் செலவான தொகை 10 கோடி டாலருக்கு மேல்!

வழக்கில் ஜயித்தவன் எந்தக் கோர்ட்டையும் புகழ்வான். தோற்றவன் தலைவணங்கி வீடு திரும்புவதே ஒரு நியாயஸ்தலத்தின் பலம். தன்னைத் தோற்கடித்தவரின் தேர்தல் செலவை எதிரி கொடுத்தானென்று அறிந்தவன் எவ்வாறு தலைவணங்குவான்?