பாதாமில் மைனஸ் பத்து கார்ப்!

கோவை காந்திபுரம் கிராஸ்கட் ரோடு சூப்பர் மார்க்கெட்டுகளில், பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' புத்தகம் கிளப்பிய அலையில், கொங்கு வீடுகளிலும் காலை இட்லியின் இடத்தை நூறு பாதாம் பிடித்துக்கொண்டது. கூடவே ஒரு கணக்கும் வந்தது: கார்போஹைட்ரேட்டில் நார்ச்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது 'நெட் கார்ப்'.

இந்தக் கழித்தல் அமெரிக்காவுக்குச் சரி. அங்கே ஒரு பொருளின் எடையில் ஈரம், புரதம், கொழுப்பு, சாம்பல் போக மிஞ்சுவதெல்லாம் கார்போஹைட்ரேட்தான். நார்ச்சத்தும் அதற்குள் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதிப்படியோ, உடல் பயன்படுத்தும் மாவுச்சத்து, சர்க்கரை போன்றவைதான் கார்போஹைட்ரேட். நார்ச்சத்தை முன்பே கழித்துவிடுகிறார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே வழக்கம்.

பாதாமையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வேளாண் துறைப் பட்டியலில் 100 கிராமுக்குக் கார்போஹைட்ரேட் சுமார் 21.5 கிராம், நார்ச்சத்து 12.5, கழித்தால் 9. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியலோ ஐரோப்பா போல நார்ச்சத்தை முன்பே கழித்தது: கார்போஹைட்ரேட் சுமார் 3, நார்ச்சத்து 13. அதிலும் கழித்தால் மைனஸ் பத்து! சாப்பிடச் சாப்பிட மாவுச்சத்து குறையும் அதிசயப் பருப்பு.

பாதாமில் சிரித்துவிட்டுப் போகலாம். ராகியில் முடியாது. அதே ஹைதராபாத் பட்டியலில் 100 கிராம் ராகிக்குக் கார்போஹைட்ரேட் 67 கிராம், நார்ச்சத்து தனியாக 11. களி கிண்டும் வீட்டில் யாராவது மறுபடி கழித்து 56 என்று எழுதிக்கொண்டால், இன்சுலின் போடுகிறவருக்கு அது விளையாட்டல்ல.

நம் ஊர் பாக்கெட்டின் சிக்கலே வேறு. 2020 லேபிள் விதிகள் மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை வரை கட்டாயமாகக் கேட்கின்றன. நார்ச்சத்தைக் கேட்கவில்லை. 'நார்ச்சத்து மிக்கது' என்று விளம்பரம் செய்தால்தான் கணக்குக் காட்ட வேண்டும். அப்படிச் சொல்லிக்கொள்ள பொதுவாக 100 கிராமில் 6 கிராமாவது இருக்க வேண்டும்.

சிங்கப்பூர், ஷார்ஜா விமானங்களில் வரும் சொந்தக்காரர்களின் பெட்டியில் எந்த நாட்டு பாக்கெட் இருக்கும் என்று சொல்ல முடியாது. கார்போஹைட்ரேட்டின் கீழே சற்று உள்தள்ளி நார்ச்சத்து அச்சாகியிருந்தால் பெரும்பாலும் அமெரிக்க பாணி, கழிக்கலாம். கார்போஹைட்ரேட்டைவிட நார்ச்சத்து அதிகமென்று போட்டிருந்தால் (ஆளிவிதை பாக்கெட்டுகளில் இதைப் பார்க்கலாம்) கழிக்கவே கூடாது.

இந்த இரண்டு அடையாளமும் இல்லாத பாக்கெட் என்றால் அச்சிட்ட கார்போஹைட்ரேட்டை அப்படியே கணக்கில் வையுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எந்தக் கழித்தலையும் நம்ப வேண்டாம்.