கைப்பொருளும் பாத்திரப் பண்பும்

குறும்படம் எடுக்கப் புகும் மாணவர் பலர், காட்சியில் பொருள்களை நிறைத்துவிட்டால் பாத்திரம் தானே உருப்பெறும் எனக் கருதுகின்றனர். கம்பைநல்லூரில் தனித்து வாழும் மூதாட்டி ஒருத்தியைப் படமாக்க விழையும் மாணவன், உரலையும் கேழ்வரகு அரைக்கும் திரிகையையும் களி கிண்டும் துடுப்பையும் தேடிக் கொணர்வான். அவை தருமபுரி வட்டாரத்தை உணர்த்தும், அவளை உணர்த்தா. தொல்காப்பிய நெறியில் கூறின், அவை கருப்பொருள் என்னும் அளவிலேயே நின்றுவிடுகின்றன. கருப்பொருள் நிலத்துக்கு உரியது. அந்நிலத்து மாந்தர் யாவர்க்கும் பொது.

பொதுப்பொருள் ஒருத்திக்கே உரியதாவது, அவள் அதனை என்செய்கின்றாள் என்பதனால் என்பது நம் துணிபு. புகாரில் இழந்த பொருளுக்கு ஈடாகத் தன் சிலம்பைக் கோவலனுக்குத் தயங்காது அளிக்க முன்வந்தவள் கண்ணகி. அவன் கொண்டுசென்ற அச்சிலம்பையே பாண்டியன் அவையில் உடைக்கின்றாள். பொருள் ஒன்று, செயல் இரண்டு. அவ்விரண்டிற்கும் இடையே அவள் கடந்த தொலைவை இளங்கோவடிகள் தனியே விரித்துரைக்க வேண்டியதில்லை. சிலம்பின் உள்ளிருந்தது முத்தா மாணிக்கமா என்பது வழக்கிற்குச் சான்று. பண்பிற்குச் சான்று உடைத்த கையே.

சத்தியசித்ரே 1955-இல் வெளியிட்ட ‘பதேர் பாஞ்சாலி’யிலும் இதனைக் காணலாம். துர்க்கை திருடவில்லை என மறுத்த மாலை, அவள் இறந்தபின் தம்பி அப்புவின் கையில் அகப்படுகின்றது. அவன் யாரிடமும் கூறாது அதனைக் குளத்தில் எறிகின்றான். விலகிய பாசி மீண்டும் மூடிக்கொள்கின்றது. உரையாடல் ஒரு சொல்லும் இல்லை.

அம்மூதாட்டிக்கும் திரிகை வேண்டுவதில்லை. இருவர்க்கான களியைக் கிண்டி, இரண்டாம் வட்டிலையும் அவள் கழுவிக் கவிழ்த்து வைத்தல் போதும்.