வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை

பனி பெய்வதை நம்மில் பெரும்பாலானோர் நேரில் கண்டதில்லை. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கின்ற உறவுகள் அனுப்பும் படங்களில், வாகனங்களுக்கு மேலே இலவம் பஞ்சைக் கொட்டிவிட்டது போலக் கிடப்பதைப் பார்த்திருக்கின்றோம். அவ்வளவுதான். ஆகவே, பனிமலையில் சறுக்கி விளையாடப் போன ஒரு சிநேகிதர் கூட்டத்தின் கதையை எமது மாதர் சங்கக் கூட்டமொன்றில் நான் சொல்லத் தொடங்கியபோது ஒரு தங்கை இடைமறித்தார். "காசுள்ள ஆக்கள் விளையாடப் போன கதை எங்களுக்கேன் மிஸ்?"

நியாயமான கேள்விதான். அவர்கள் விளையாடப் போனார்கள், நாம் ஓடிப் போனோம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இருந்தாலும் இந்தச் சம்பவத்தைப் பற்றி வாசித்த நாள் முதல் அதில் வருகின்ற ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. அவருக்கு மனதில் பட்டது ஒன்று, செய்தது இன்னொன்று. இடையில் நடந்தது என்ன என்பதுதான் என் அக்கறை.

2012ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலம் உள்ளது. (தலைநகர் வாஷிங்டன் வேறு, அது நாட்டின் மறுகரையில்.) அங்கே காஸ்கேட் மலைத்தொடரில் ஸ்டீவன்ஸ் பாஸ் என்றொரு கணவாயும், அதிலே ஒரு பனிச்சறுக்கு நிலையமும் இருக்கின்றன. இரண்டு நீண்ட பலகைகளைச் சப்பாத்தோடு பூட்டிக்கொண்டு சரிவிலே வழுக்கி இறங்குவதுதான் பனிச்சறுக்கு. மேலே ஏறுவதற்குக் கம்பியில் தொங்கும் இருக்கைகள் உண்டு. நிலையத்தின் எல்லைக்குள் இருக்கும் சரிவுகளைக் காவலர்கள் கவனிக்கின்றார்கள். புதுப்பனி கொட்டினால், ஆட்களை விடுவதற்கு முன்னரே அதிகாலையில் வெடி வைத்து ஆபத்தான பனியை விழுத்திவிடுவார்கள். எல்லைக்கு வெளியே அப்படி யாரும் செய்வதில்லை. அது காட்டு மலை.

ஆனால் ஆசை இருப்பது வெளியேதான். ஒருவரும் மிதிக்காத, மா அரித்துக் கொட்டியது போன்ற புதுப்பனியைப் "பவுடர்" என்கின்றார்கள். அதற்குள் முழங்கால் வரை புதைந்து இறங்கும்போது மிதப்பது போல இருக்குமாம். அதற்காகவே பலர் பலகையின் அடியில் வழுக்காத பட்டிகளை ஒட்டிக்கொண்டு மணிக்கணக்காக மலையேறுகின்றார்கள். அந்தக் காலத்தில் கடல்நாயின் தோலைக் கட்டினார்களாம். ஸ்டீவன்ஸ் பாஸில் அந்தப் பாடும் பெரிதாக இல்லை. இருக்கையில் ஏறி, எல்லைக் கதவைத் தாண்டி, சிறிது தூரம் நடந்து மலையின் பின்புறம் போனால் ரனல் கிறீக் என்ற சரிவு. அங்கிருந்து நெடுஞ்சாலை வரை கிட்டத்தட்ட 3000 அடி இறக்கம்.

அன்று அங்கே போனவர்கள் 16 பேர். கற்றுக்குட்டிகள் அல்லர். பனிச்சறுக்குச் சஞ்சிகையொன்றின் ஆசிரியர், படப்பிடிப்பாளர், தொழில்முறை வீராங்கனை, உலகப் போட்டிகளுக்கு நடுவராக இருந்தவர், அந்த நிலையத்தின் விளம்பரப் பொறுப்பாளர், அந்தச் சரிவைத் தங்கள் வீட்டு முற்றம் போலப் பல வருடம் பழகிய ஊர்ச் சிநேகிதர்கள். முதலில் சிலர் போவதாகத்தான் பேச்சு. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல, அவர் தன் கூட்டாளிக்குச் சொல்ல, எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. கலியாண வீட்டுக்கு வான் பிடித்தால் நடப்பது போலத்தான்.

பனிச்சரிவு ஆபத்து அதிகம் என்ற எச்சரிக்கை அன்று வெளியாகியிருந்தது. அவர்களில் அநேகருக்கு அது தெரியும்.

பனிச்சரிவு எப்படி வருகின்றது என்பதைச் சற்று விளக்க வேண்டும். பனி ஒரே நாளில் மலைபோலக் குவிவதில்லை, படை படையாகச் சேர்கின்றது. தெளிந்த குளிர் இரவுகளில் பனியின் மேற்பரப்பில் மெல்லிய, இறகு போன்ற படிகங்கள் வளரும். பார்க்க அழகாக இருக்குமாம். பிறகு புயல் வந்து அதற்கு மேல் பாரமான பனியைக் கொட்டினால், அந்த மெல்லிய படிகப் படை கீழே மறைந்துபோகும். மேசையிலே கடுகைப் பரவி அதற்கு மேல் பலகையை வைத்து, மேசையைச் சரித்துப் பாருங்கள். அதுதான் நிலைமை. 30 பாகைக்கு மேல் சரிந்த மலையில் ஓர் ஆளின் பாரமே அந்தப் பலகையை உடைத்துவிடப் போதும். பனிச்சரிவில் அகப்படும் பொழுதுபோக்காளர்களில் பத்தில் ஒன்பது பேர் விடயத்தில், சரிவைத் தூண்டிவிட்டது அவர்களோ அவர்களது கூட்டத்தில் ஒருவரோதான். மலை தானாக வந்து விழுவது அருமை.

அந்த மலைக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1910ஆம் ஆண்டு மார்ச் முதலாம் திகதி, அதே கணவாய்ப் பகுதியில் வெலிங்டன் என்ற இடத்தில் பனியில் சிக்கி நின்ற இரண்டு புகையிரதங்களைப் பனிச்சரிவு அள்ளிச் சென்றது. 96 பேர் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு உயிரைக் குடித்த பனிச்சரிவு வேறில்லை.

மேலே நின்ற 16 பேரில் பலருக்கு மனதுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கின்றது. பின்னர் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் ஜோன் பிராஞ்ச் என்ற செய்தியாளர் தப்பியவர்களிடம் பேசி விரிவாக எழுதினார். 2012 டிசம்பரில் வெளிவந்த அந்தக் கட்டுரைக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அதில் ஒருவர் பின் ஒருவராக அவர்கள் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றையேதான். கூட்டம் பெரிதாகிவிட்டது என்று நினைத்தேன், ஆனால் சொல்லவில்லை. இவ்வளவு அனுபவசாலிகள் இருக்கும்போது நான் யார் சொல்ல?

நான் மறக்க முடியாத பெண் இங்கேதான் வருகின்றார். அவரும் பனிச்சறுக்கைப் பற்றி எழுதுகின்ற ஒரு பத்திரிகையாளர், தன் துறையில் பெயர் பெற்றவர். தனது முடிவாக இருந்திருந்தால் இத்தனை பேரோடு ஒருநாளும் போயிருக்க மாட்டேன் என்றார். ஆனால் அழைத்தவர் வேறொருவர். பத்து ஆண்களுக்கு இரண்டு பெண்கள் என்று தான் நின்ற கூட்டத்தை அவர் கணக்கிடுகின்றார். அதற்குள் குறை சொல்லிச் சிணுங்குகின்ற பெண் என்ற பெயரை எடுக்க விரும்பவில்லை. ஆகவே பேசாமல் பின்னால் போனாராம்.

அமெரிக்காவில் பிறந்து, படித்து, உழைத்து, ஆண்களுக்குச் சமமாக மலையிறங்குகின்ற ஒரு பெண்ணின் வாயை அந்த ஒரு பயம் கட்டிப்போட்டது. நான் சமூகவியல் படித்தபோது குழு அழுத்தம், பால்நிலை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிச் சோதனை பாஸ் பண்ணியிருக்கின்றேன். அவையெல்லாம் இந்தப் பெண்ணின் நாலு வரியில் எனக்குப் புரிந்த அளவுக்கு அப்போது புரியவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கின்றேன்.

நண்பகலை அண்டிய நேரம். முதலில் சிலர் இறங்கினார்கள். பனி உடைந்தது. மேலே நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. மரங்களும் மலையின் வளைவும் மறைத்துவிட்டன. முன்னே போனவர்கள் கீழே காத்திருப்பார்கள் என்றே அவர்கள் எண்ணினார்கள். அகப்பட்டவர்களில் ஒருவர் இரண்டு மரங்களுக்கு இடையில் தன் உடம்பைச் செருகிக்கொண்டு நின்றதால் தப்பினார், பனி அவரைத் தாண்டிப் போனது. மற்ற நால்வரையும் பள்ளத்தாக்கு வழியே 2000 அடிக்கு மேல் இழுத்துச் சென்றது.

அந்த நால்வரில் ஒருவர் எலிஸ் சாக்ஸ்டாட் என்ற தொழில்முறை வீராங்கனை. அவரது முதுகுப் பையில் காற்றுப்பை ஒன்று இருந்தது. பிடியை இழுத்ததும் அது தலைக்குப் பின்னால் ஊதிப் பெருத்தது. இதன் தத்துவம் எமக்குப் புதிதல்ல. பேணிக்குள் சிறிய தானியத்தோடு கச்சானையும் போட்டுக் குலுக்கினால் பெரியது மேலே வரும். ஓடுகின்ற பனியிலும் அதுவே நடக்கின்றது. காற்றுப்பை ஆளைப் பெரிதாக்கி மேலே கொண்டுவருகின்றது. சரிவு நின்றபோது எலிஸின் முகமும் கைகளும் மாத்திரம் வெளியே தெரிந்தன. ஓடும்போது தண்ணீர் போல இருந்த பனி, நின்றதும் கொங்கிறீட் போல இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. அவர் அப்படியே கிடந்து காத்திருந்தார், பின்னால் வந்தவர்கள் தோண்டி எடுத்தார்கள்.

எல்லோரிடமும் சமிக்ஞைக் கருவி இருந்தது. மார்போடு கட்டிக்கொள்ளும் ஒரு சிறு பெட்டி அது. புதைந்தவரின் பெட்டி வானொலிச் சமிக்ஞை அனுப்ப, தேடுபவரின் பெட்டி அதைப் பிடித்து எவ்வளவு தூரம் என்று காட்டும். கிட்டப் போனதும் நீண்ட கம்பியால் குத்திப் பார்ப்பார்கள், பிறகு மண்வெட்டி. இதெல்லாம் வேகமாக நடக்க வேண்டும். முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றார்கள். அரை மணி நேரமானால் மூன்றில் ஒருவர்தான். கருவிகள் இருந்தன, தேடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் மற்ற மூவரும் உயிரோடு கிடைக்கவில்லை. மூவரும் ஆண்கள். அவர்களில் ஒருவர் இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன்.

இந்த விபத்துக்குப் பல வருடம் முன்னரே இயன் மக்கமன் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் நடந்த 700க்கு மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்து ஆராய்ந்திருந்தார். பனி எப்படி உடைந்தது என்பதைவிட, அறிந்தவர்கள் ஏன் போனார்கள் என்பதே அவர் கேள்வி. பழகிய இடம் என்றால் பயிற்சி பெற்றவர்கள்கூடப் பயிற்சி இல்லாதவர்கள் போலவே நடந்துகொள்கின்றார்கள் என்று கண்டார். முன்னே ஒருவர் போன தடம் தெரிந்தால் தைரியம் வருகின்றது. கூட்டத்தில் "தெரிந்தவர்" என்று ஒருவர் இருந்தால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுகின்றார்கள். தடம் என்றதும் சங்கத்தில் இருந்த பலர் ஆளை ஆள் பார்த்தார்கள். மீள்குடியேறிய முதல் வருடங்களில், மண்டையோட்டுப் பலகை நட்ட காணிகளுக்குள் விறகுக்குப் போனவர்களை அவர்கள் அறிவார்கள். முதல்நாள் ஒருவர் போய் வந்த ஒற்றையடிப் பாதையே அடுத்தவருக்கு அத்தாட்சி. அங்கே அடுப்பு எரிய வேண்டிய தேவை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கதை அந்த இடத்துக்கு வந்தபோதுதான், முதலில் கேள்வி கேட்ட தங்கை மெதுவாக வேறொன்றைச் சொன்னார். ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, ஆளுக்காள் பிணை நின்று எடுக்கின்ற கடன். ஐந்தில் ஒருவரால் கட்ட ஏலாது என்று அவருக்குக் கையெழுத்து வைக்கும்போதே தெரியுமாம். "எல்லாரும் வைச்சவை, நானும் வைச்சனான். வேண்டாம் எண்டு சொன்னால் அவ என்ன நினைப்பா எண்டுதான்." பிறகு அந்தப் பங்கையும் சேர்த்துக் கட்டியது தோட்டை விற்ற காசில். அவருக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை. பலரிடம் அதே கதை இருந்தது.

பனிமலை ஏறுபவர்களுக்கு இன்று கற்பிக்கப்படும் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் யாராவது ஒருவர், ஆகப் புதியவர் என்றாலும், வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். காரணம் கேட்கக்கூடாது. போகுமுன் ஒவ்வொருவரையும் வாய்திறந்து பேச வைக்க வேண்டும், அதிலும் அனுபவசாலி கடைசியாகப் பேசுவது நல்லது. எழுதுவதற்குச் சுலபமாக இருக்கின்றது. எங்கள் சங்கத்தில் தலைவி பேசுவதற்கு முன் மற்றவர்களைப் பேச வைக்க நான் எடுத்த முயற்சி இன்னும் முழுதாகச் சரிவரவில்லை.

எலிஸ் பனிச்சறுக்கை விடவில்லை. வேறு சில வீராங்கனைகளோடு சேர்ந்து, பெண்களுக்கென்றே பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சிகளை நடத்தினார். பெட்டியால் தேடவும் கம்பியால் குத்தவும் மண்வெட்டியால் முறையாகத் தோண்டவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். ஆண்கள் நடுவில் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை அங்கே கேட்கலாம் என்பது எனக்குப் பிடித்த விடயம்.

கூட்டம் முடிகின்ற நேரம், சுவரோரம் இருந்த அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். கதை முழுவதும் ஒன்றும் பேசாமல் இருந்தவர். 2009இல் மகனைத் தேடத் தொடங்கியவர்.

"பிள்ளை, அந்த மூண்டு பேற்றை உடம்பும் கிடைச்சதோ?"

"கிடைச்சதம்மா. அண்டைக்கே கிடைச்சது. கூடப் போன சிநேகிதர்தான் தேடிக் கிண்டி எடுத்தவை."

அவர் தலையை ஆட்டினார். "அது பெரிய விசயம்" என்றார். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தேநீர் ஊற்றுகின்ற பிள்ளைகளுக்கு உதவி செய்ய எழுந்து போனார்.